காற்றைப் பார்த்துத் திரும்பும் கோழிக்கூண்டு

இந்த ஆய்வு ஒரே ஒரு கூண்டைப் பற்றியது. சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் நடுவே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டுக் கொல்லையில் அது நிற்கிறது. வீடு என் அண்ணனுடையது. அண்ணன் வல்லத்தில் (நாட்டுப்படகில்) மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். கோழி மதினியின் பொறுப்பு. சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழி இனத்தில் பத்துப் பெட்டை, ஒரு சேவல். கூண்டின் சட்டம் பழைய தண்ணீர் வண்டியிலிருந்து வந்தது. கூரை பனையோலை, தரை உடைந்த மீன் கூடை, மேல்வலை கழித்துப்போட்ட மடி, அதாவது இழுவலையின் பை போன்ற கடைப்பகுதி. கடையில் வாங்கியது கம்பிவலை, சக்கரம், போல்ட், பெயின்ட் மட்டும். அளவெடுத்து, வரைந்து, பட்டறையில் கூட நின்று செய்தவன் நான். எது நின்றது, எதை மாற்ற வேண்டி வந்தது என்பதை அளவுகளோடு எழுதி வைத்தால் இந்தக் கரையில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நகரும் கூண்டு என்றாலே தினமும் புதுப் புல்லுக்கு நகர்த்துவது என்றுதான் எங்கும் பேசப்படுகிறது. எங்கள் மணலில் புல்லே அரிது. இங்கே அந்தச் சக்கரத்தின் பெரிய லாபம் கூண்டைத் திருப்ப முடிவதுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது ஒரு பக்கம், வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது இன்னொரு பக்கம். செய்யத் தொடங்கியபோது எங்கள் எண்ணம் புல், எச்சம், நோய் என்றுதான் இருந்தது. ஒரு கச்சானும் ஒரு வாடையும் பார்த்த பிறகு, காற்றுதான் இதன் முதல் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கூண்டு ஏன் தேவைப்பட்டது

அதுவரை கோழிகள் பகலில் மேய்ந்து, பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தில் ஏறி அடையும். குஞ்சு உள்ள தாய்க்கோழி மட்டும் பஞ்சாரத்துக்குள் (கவிழ்த்து மூடும் கூடை). பல தலைமுறையாக நடந்த வழக்கம் அது. சிக்கல் கருவாட்டில் தொடங்கியது. வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, வலை விரித்து நெத்திலியும் காரலும் காயப்போடுவார்கள். கோழி அதில் இறங்கிக் கிளறும், கொத்தும், எச்சமிடும். விற்கிற பொருளில் எச்சம் விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? “மதினி, கோழியைக் கட்டிப் போடுறீங்களா, இல்ல நாங்க கறி ஆக்கிறவா?” என்று முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

கோழியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கருவாடு நல்லதில்லை. கோழித் தீவனத்தில் உப்பு அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உப்புக் கருவாட்டை வயிறு நிறையக் கொத்திய கோழிக்குத் தாகம் அடங்காது, எச்சம் தண்ணீராகப் போகும். குடிக்க நல்ல தண்ணீரும் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். இங்கே போர்வெல் தண்ணீரே உவர்ப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்குக் கவலையில்லை. 3,000 வரை எச்சம் இளகலாம், ஆனால் தாங்கும். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் கோழிக்கு ஆகாது. எச்சம் இளகினாலே கழிச்சல் என்று மருந்துக்கு ஓடுகிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். மதினி கோழிக்குக் குடிதண்ணீரிலிருந்துதான் ஒரு செம்பு எடுத்து வைக்கிறார். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் பழகிய ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆகக் கருவாடு காயும் நேரத்தில், அதாவது காலையிலிருந்து மாலை நாலு மணி வரை, கோழி அடைந்திருக்க வேண்டும். அள்ளி முடித்த பிறகு திறந்துவிடலாம். பாதி நாள் அடைப்பு, பாதி நாள் மேய்ச்சல். இந்த ஏற்பாட்டுக்குத்தான் கூண்டு.

ஒரே இடத்தில் நிற்கும் கூண்டு என்றால் எச்சம் அங்கேயே சேரும். ஈரம் பட்டால் அம்மோனியா நெடி கிளம்பும், கண் எரியும், சளி பிடிக்கும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளிவந்து, சூடும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு முற்றிவிடும். அதற்குள் கூண்டை அந்த எச்சத்தை விட்டுத் தள்ளி வைத்தால் அடைந்திருக்கும் கோழி அதைக் கொத்தாது. எச்சம் விழுந்த மணலில் ஒரு மண்வெட்டி கிளறி வெயிலில் விட்டு, பிறகு முருங்கைக்கோ தென்னங்கன்றுக்கோ அணைக்கலாம். பச்சை எச்சத்தை நேராக வேரில் கொட்டக்கூடாது, கருகிவிடும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தோம். கொல்லையின் கிழக்கு ஓரத்தில் ஊற்று இருக்கிறது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்பதுதான் ஊற்றுத் தண்ணீர். தண்ணீரில் கரைந்ததை மணல் வடிகட்டி நிறுத்தாது, எச்சத்தின் நைட்ரேட் மழையோடு நேராகக் கீழே போகும். அதனால் ஊற்றுப் பக்கம் கூண்டு போகவே கூடாது என்று கயிறு கட்டி எல்லை வைத்தாயிற்று. கடற்கரையில் கூண்டு வைக்கிறவர்கள் அளவு நாடாவை எடுப்பதற்கு முன் ஊற்று எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் வண்டி

இராமநாதபுரம் மாவட்டத்தின் உள்ளூர்களில் போனால், இரும்பு வண்டியில் ஆறு, எட்டு குடங்களை வைத்துப் பெண்கள் தள்ளிப் போவதைப் பார்க்கலாம். குடம் ஆடாமல் உட்கார வட்ட வளையங்கள், கீழே இரும்புக் கோணச் சட்டம், தள்ள ஒரு கைப்பிடி. அண்ணன் வீட்டிலும் ஒன்று இருந்தது. தெருக்குழாய் பக்கத்தில் வந்த பிறகு அது வேலியோரம் சாய்ந்துவிட்டது. சக்கரம் துருவேறிப் பிடித்துக்கொண்டது, சட்டம் மட்டும் நல்ல கனத்தில் உறுதியாக இருந்தது. அந்த வண்டியை மதினி எத்தனையோ வருடம் தள்ளியிருக்கிறார். காயலான் கடைக்குப் போடலாம் என்று அண்ணன் சொன்னபோது, “அது கெடக்கட்டும்” என்று நிறுத்தியவரும் அவர்தான்.

சட்டத்தைப் பிரித்து, பின்பக்கம் 4 அடிக்கு 3 அடியில் இரவு அறைக்கான அடித்தளம் அமைத்தோம். அதற்கு முன்னால் 5 அடி நீளத்துக்குக் கம்பிவலை அடைப்பு. ஆக மொத்தம் 9 அடி நீளம், 3 அடி அகலம். இரவு அறையின் தரை மணலிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். அதன் கீழே இருக்கும் நிழலும் கோழிக்குத்தான். கூரை உச்சி நாலரை அடியைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். உயரம் கூடினால் காற்று பிடித்துக்கொள்ளும்.

குடம் வைக்கும் வளையங்களை வெட்டி எடுத்தபோது, வெல்டிங் பட்டறைக்காரர் அவற்றை ஓரமாகத் தூக்கிப் போடப் போனார். “அண்ணே, அது வேணும், நாலு மூலைக்கும் வெளிப்பக்கமா பத்த வைங்க” என்றேன். ஏன் என்பது பின்னால் வரும்.

தரைக்கு மீன் அள்ளும் பிளாஸ்டிக் கூடை. ஓரம் விண்ட கூடைகள் மீன் ஏலம் போடும் இடத்தில் சும்மாவே கிடைக்கும். அடிப்பக்கம் முழுக்க ஓட்டை இருப்பதால் எச்சம் பெரும்பாலும் தானே கீழே விழும், மிச்சத்தை வாரத்துக்கு ஒருமுறை உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், துருவும் பிடிக்காது. இரண்டு கூடையை ஒரு பக்கம் வெட்டி, வெளிப்பக்கம் மூடி வைத்து, முட்டையிடும் பெட்டியாக மாட்டினோம். நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். உள்ளே வைக்கோல், அதன் அடியில் ஒரு பிடி வேப்பிலை. மீன் வரும் தெர்மாகோல் பெட்டியும் இங்கே குப்பையாகக் கிடக்கிறது. எடை இல்லை, வெப்பத்தைத் தடுக்கும், ஆசையாகத்தான் இருக்கும். கோழிக்கு அதைக் கண்டால் விடாது, கொத்தித் தின்றுகொண்டே இருக்கும். கூண்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பழைய வல்லத்துப் பலகையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மரம் கடலில் ஊறி இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்கு அருமையானது. ஆனால் தண்ணீருக்குள் இருந்த அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசிய பெயின்ட் உயிரைக் கொல்வதற்கென்றே செய்தது, செம்பு கலந்தது. கோழி சுவரைக் கொத்தும், உதிர்ந்த செதிலைத் தின்னும். அதனால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்த பலகைகளை மட்டும் பொறுக்கி எடுத்தோம். அடையும் கம்புக்குச் சீமைக்கருவேலம். இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும், பட்டை இடுக்கில்தான் செள்ளு பகலில் ஒளிந்திருக்கும். ஒன்றரை அங்குலக் கனத்தில் 4 அடிக் கம்பு இரண்டு. பதினொரு கோழிக்கு ஆளுக்கு 8 அங்குலத்துக்குக் குறையாமல் இடம் வருகிறது, சிறுவிடைக்கு இது போதும். பெரிய இனம் என்றால் 10 அங்குலம் கணக்கிடுங்கள்.

வலையில்தான் கடற்கரைக்காரர்களுக்குக் கை தாராளமாக நீளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வலையைப் பிரித்துச் செப்பனிடுவார்கள், கழிக்கும் மடி அப்போது கிடைக்கும். தடித்த நூல், சின்னக் கண். பருந்துக்கும் காகத்துக்கும் மேலே போர்த்த அதைவிட நல்ல பொருள் இல்லை. நரம்பு வலையை, அதாவது மெல்லிய ஒற்றை நைலான் இழை வலையை, மட்டும் தொடவே கூடாது. கோழிக்கு அது கண்ணில் படாது. விரல் மாட்டும், உதற உதற இறுகும், ஒரு ராத்திரியில் கால் போய்விடும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை எந்த மீன்வலையும் ஆகாது. நாயும் கீரியும் நூலைக் கடித்து அறுத்துவிடும். அந்த உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைக் காசு கொடுத்து வாங்கினோம். அறுகோணக் கண் கோழிவலை விலை குறைவு, ஆனால் அது கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, நாயை வெளியே நிறுத்த அல்ல.

கூரை: அடியில் பழைய பிளெக்ஸ் பேனர், மேலே பனையோலை, அதற்கும் மேலே கிழிந்த வலையை இழுத்துக் கட்டியது. இந்தக் கடற்கரைக் குடிசைகளில் ஓலை பறக்காமல் இருக்க வலை போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. தகரம் சும்மா கிடைத்தும் வேண்டாம் என்றோம். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், முட்டை குறையும், தகரமும் உப்புக் காற்றில் சீக்கிரம் ஓட்டையாகும்.

சக்கரம்

வண்டியின் பழைய சக்கரம் மெல்லிய இரும்புப் பட்டை. தெருவில் ஓடும், மணலில் புதையும். சைக்கிள் சக்கரமும் அப்படியே. காயலான் கடையில் ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு வாங்கினோம். டயர் அகலம், விட்டம் சின்னது. மணலுக்காகக் காற்றைப் பாதியாகக் குறைத்து வைத்தோம். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி அதிக இடத்தில் எடையைப் பரப்பும், புதையாது. வல்லத்தைக் கரையேற்ற அடியில் கட்டை போட்டு உருட்டுவது போல இதற்கும் போடலாம் என்று அண்ணன் சொன்னார். இரண்டு ஆண்கள் இருந்தால் நடக்கும். மதினி தனியாகத் தள்ள வேண்டிய பொருளுக்கு அது ஒத்துவராது.

சக்கரம் வைக்கும் இடம்தான் கணக்கு. கூண்டின் எடை பெரும்பாலும் பின்பக்க அறையில் இருக்கிறது. மீன் எடை போடும் தராசில் பகுதி பகுதியாக நிறுத்தோம், மொத்தம் 70 கிலோ வந்தது. எடையின் மையம் பின் ஓரத்திலிருந்து மூன்றரை அடியில். அச்சை இரண்டரை அடியில் வைத்தோம், அதாவது மையத்துக்கு ஓர் அடி பின்னால். முன்பக்கம் அரையடி நீட்டிய கைப்பிடி அச்சிலிருந்து 7 அடி தூரத்தில் வருகிறது. எழுபதை ஒன்றால் பெருக்கி ஏழால் வகுத்தால் பத்து. கைப்பிடியைத் தூக்க 10 கிலோ பலம் போதும். ஒரு குடம் தண்ணீரை விடக் குறைவு. அச்சை இன்னும் முன்னே, மையத்துக்கு நேர் கீழே வைத்திருந்தால் தூக்கவே வேண்டாம், ஆனால் கூண்டு பின்பக்கம் குடை சாயும். இன்னும் பின்னே போனால் மதினியின் இடுப்பு போய்விடும்.

எடையும் காற்றும்

தள்ளுவதற்கு 70 கிலோ சரி. நிற்பதற்கு அது போதாது. இதுதான் இந்தக் கரையில் நகரும் கூண்டின் கழுத்தைப் பிடிக்கும் பிரச்சினை.

காற்றின் அழுத்தத்துக்குக் கட்டடப் பொறியாளர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை வர்க்கமாக்கி 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். எங்கள் அறையின் பக்கச் சுவரும் கூரை ஓரமும் சேர்ந்து சுமார் 1.1 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் தள்ளு 18 கிலோ அளவு. அது தரையிலிருந்து ஏறக்குறைய 2.75 அடி உயரத்தில் தள்ளுகிறது. கூண்டின் சொந்த எடை அதன் பாதி அகலமான ஒன்றரை அடியில் நின்று எதிர்க்கிறது. 18 ஐ 2.75 ஆல் பெருக்கினால் 50, 70 ஐ 1.5 ஆல் பெருக்கினால் 105. கூண்டு நிற்கும். 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் காற்று ஏறினால் தள்ளு 50 கிலோவைத் தாண்டும், 2.75 ஆல் பெருக்க 140 வரும். 105 தோற்றுவிடும். கூரையைக் காற்று மேலே தூக்கும் விசையை நான் இதில் சேர்க்கவே இல்லை. வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்களில் 100 என்பது கற்பனை வேகம் இல்லை.

கல்லை ஏற்றி வைக்கலாம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கல்லை இறக்கி ஏற்ற யார் வருவார்கள்? மணல் மூட்டையும் அதே கதை, போதாததற்கு மழையில் ஊறி இற்றுப்போகும். தேவை என்னவென்றால், நிற்கும்போது இருக்க வேண்டும், நகரும்போது இல்லாமல் போக வேண்டும். அப்படிப்பட்ட எடை தண்ணீர்தான். அதற்காகத்தான் அந்த நாலு வளையம். விரிசல் கண்டு கடைக்காரர் கழித்த 20 லிட்டர் கேன்களில் ஒழுகாத நாலைப் பொறுக்கி, வளையத்தில் உட்கார வைத்தோம். உவர்த் தண்ணீரை நிரப்பினால் 80 கிலோ கூடுகிறது. எதிர்க்கும் கணக்கு 105 லிருந்து 225 ஆகிவிடுகிறது. நகர்த்த வேண்டும் என்றால் கேனைச் சாய்த்துத் தென்னங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, தள்ளி, மறுபடி குழாயை மாட்டி நிரப்புவது. வெயிலில் கேன் நொறுங்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சாக்கு உறை போட்டார் மதினி. குடத்தைச் சுமந்த வளையம் இப்போது குடிக்க ஆகாத தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

புயல் அறிவிப்பு வந்தால் இதுவும் போதாது என்று வைத்துக்கொண்டு கயிறு கட்டுகிறோம். மணலில் முளை அடித்தால் பிடிக்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு சாக்கில் மணல் கட்டி, நடுவில் கயிறு முடிந்து, முழங்கால் ஆழத்துக்கும் கீழே குறுக்காகப் புதைத்துவிட்டால் மாடு கட்டினாலும் வராது. கொல்லையில் இரண்டு இடத்தில் அப்படிப் புதைத்துக் கயிற்று நுனியை மட்டும் வெளியே விட்டிருக்கிறோம்.

இனி திருப்புவது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான், தென்மேற்கிலிருந்து. மழை இல்லை, மணலும் உப்புமாக அள்ளி வீசும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை, வடகிழக்கிலிருந்து, மழையோடு. இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கொட்டும். நிலையான கூண்டு கட்டினவர்கள் ஏதாவது ஒரு காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டுவார்கள், மற்றக் காற்று மூஞ்சியில் அடிக்கும். அப்போது சாக்கைத் தொங்கவிடுவார்கள், சாக்கு காற்றோட்டத்தை அடைக்கும், உள்ளே நெடி ஏறும். எங்கள் கூண்டின் பின்சுவர் மட்டும் முழுப் பலகை. முன்பக்கம் வலை. பக்கச் சுவர்களின் மேல் ஓரத்தில், அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, நாலு அங்குல இடைவெளி. எந்தக் காற்று அடித்தாலும் பின்சுவரை அதற்குக் காட்டிவிட்டால், கோழியின் உடம்பில் காற்று படாது, நெடி மேல் வழியாகப் போய்விடும். பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் இதற்கு நேர் எதிராக, வலைப்பக்கத்தைக் கடலுக்குத் திருப்பிச் சாயங்காலக் காற்றை உள்ளே விடுகிறோம்.

ஐப்பசியில் காற்று மாறிய வாரம் இதைக் கண்ணால் பார்த்தோம். கூண்டு இன்னும் கச்சானுக்குத்தான் முதுகு காட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி வாடையோடு தூறல். விடிந்து பார்த்தால் இரண்டு கம்பிலும் வலைப்பக்கப் பாதி காலி. பதினொன்றும் பின்சுவர்ப் பக்கப் பாதியில் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு, இறகைச் சிலிர்த்துத் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தன. அன்றே கூண்டை அரைவட்டம் திருப்பினோம். மறுநாள் காலை இரண்டு கம்பிலும் சீராக இருந்தன. காற்று எங்கே அடிக்கிறது என்று வேப்ப மரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கோழி கம்பின் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பழைய இடத்துக்கே போன கோழிகள்

கோழிக்கு வீடு என்பது கூண்டு இல்லை, இடம். இதை வீட்டில் முதலில் சொன்னவர் அப்பத்தா. “கூண்டை நீ தள்ளிட்டுப் போவ, கோழி எங்க வரும்?” என்று தொடக்கத்திலேயே கேட்டார். அப்படியேதான் ஆயிற்று. பகலில் மேய விட்டுவிட்டு, கூண்டைக் கொல்லையின் அடுத்த முனைக்குக் கொண்டுபோன அன்று, பொழுது சாய்ந்ததும் கோழிகள் நேராகப் பழைய இடத்துக்கு வந்து வெறும் மணலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கூண்டு முப்பதடி தூரத்தில் கண்ணெதிரே நிற்கிறது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக வேண்டியிருந்தது.

சந்தையில் வாங்கிய புதுக் கோழியை நாலைந்து நாள் பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வைத்து, இடம் பழகிய பிறகுதான் விடுவார்கள். அப்பத்தா அதையே இங்கேயும் செய்யச் சொன்னார். நீண்ட தூரம் நகர்த்துவதானால், கோழி உள்ளே அடைந்த பிறகு இரவில் நகர்த்த வேண்டும். மறுநாள் மாலை வரை முன் அடைப்பிலேயே வைத்திருந்து, பொழுது சாய அரைமணி நேரம் இருக்கும்போது திறந்து, அங்கேயே கொஞ்சம் கம்பு தானியம் இறைத்தால், மேயப் போனாலும் திரும்பி வந்துவிடும். தினசரி நகர்வுக்கு இந்தப் பாடு இல்லை. கூண்டின் ஒரு நீளம் அல்லது அரை நீளம் தள்ளினால் கோழி தடுமாறுவதில்லை. இப்போது வழக்கம் இதுதான்: இரண்டு நாளுக்கு ஒரு சின்ன நகர்வு, காற்று மாறும்போது மட்டும் பெரிய நகர்வு.

கீரி விஷயம் சுருக்கமாக. மணலில் தோண்டுவது எளிது. நகரும் கூண்டுக்கு அஸ்திவாரம் போட முடியாது. அதனால் நாலு பக்கமும் ஓர் அடி அகலத்துக்கு மெஷ் பாவாடை ஒன்றைக் கீல் வைத்துத் தொங்கவிட்டோம். நிற்கும்போது மணலில் படுக்கவைத்து மேலே கொஞ்சம் மணல் தள்ளுவது, நகரும்போது மடக்கிக் கொக்கியில் மாட்டுவது. கூண்டோரம் தோண்ட வரும் பிராணி மெஷ்ஷின் மேல் நின்றுகொண்டுதான் தோண்ட முடியும், அதற்குப் பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தள்ளித் திருப்பிப் பூட்டும் கொண்டி வேண்டும். மெஷ் பாவாடை வந்த பிறகு பெரிய கோழி எதுவும் போகவில்லை. ஒரு குஞ்சு மட்டும், மூலையில் மெஷ் இரண்டு சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி வழியாகத் தலையை நீட்டி, வெளியே நின்ற பூனையிடம் போனது. சேரும் இடங்களை ஒன்றின் மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டுங்கள்.

கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலை அது தடுக்காது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டும் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் கூண்டும் இல்லை ஊசியும் இல்லை என்று இருந்த மந்தைகள் ஒரே வாரத்தில் காலியானதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செலவும் இன்றைய நிலையும்

வெல்டு மெஷ் 1,600 ரூபாய், வெல்டிங் கூலி 1,200, ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு 500, பெயின்ட் 450, போல்ட் கீல் கொண்டி 350. மொத்தம் 4,100. ஓலை, கம்பு, கூடை, வலை, பலகை, கேன் எதற்கும் காசு இல்லை. வீட்டு ஆட்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அடைக்கு வைத்தது போக மிச்சம் வீட்டுக்கும் விற்பனைக்கும் ஆகிறது. முன்பு புதரிலும் வேலி மூட்டிலும் இட்டுப் பாதி நாய்க்குப் போன முட்டை இப்போது பெட்டியில் கிடைப்பதுதான் மதினி சொல்லும் முதல் லாபம். கருவாட்டுக்காரர்களோடு பேச்சு பழையபடி ஆகிவிட்டது, அதற்கு விலை போட முடியாது.

குறைகளும் உண்டு. முன் அடைப்பும் அறையின் கீழ் நிழலும் சேர்ந்து 27 சதுர அடி. பதினொரு கோழிக்கு நாள் முழுவதும் அடைக்க இது பத்தாது. நாலு மணிக்குத் திறந்துவிடுவதால்தான் ஒப்பேறுகிறது. திறக்க நேரமாகும் நாட்களில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கிவிடுகின்றன. பலகைச் சுவரின் கனமும் தேவைக்கு அதிகம். உப்புக் காற்றில் மெஷ்ஷின் அடி ஓரம் ஒரு வருடத்துக்குள் பழுப்பேறிவிட்டது. வெல்டு வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கிறது. அந்த இடங்களைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். எரிந்த எஞ்சின் ஆயிலைத் தடவினால் துரு நிற்கும் என்று கரையில் பலர் சொல்வார்கள். வல்லத்து இரும்புக்குச் சரி, கோழி கொத்தும் கம்பிக்கு அது விஷம்.

மூன்று வீடு தள்ளி ஒரு லாத்தா (முஸ்லிம் அக்கா) இதே மாதிரி ஒன்று கேட்கிறார்கள். ஆறு கோழிக்குத்தான். அதற்குப் பலகைச் சுவருக்குப் பதில் பனைமட்டை அடைப்பு, அறை 3 அடிக்கு இரண்டரை அடி, மெஷ்ஷை வெல்டு வைக்காமல் கம்பியால் கட்டுவது, கேன் நாலுக்குப் பதில் மூன்று என்று அளவு போட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் வண்டி இருக்கிறது, ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் சட்டத்துக்குக் காயலான் கடையில் பழைய கட்டில் பார்த்து வைத்திருக்கிறோம். வாடை தொடங்குவதற்குள் சட்டத்தைப் பட்டறையில் பத்த வைத்தாக வேண்டும்.